வலையை அறுத்தவர்கள்

குஜராத்தின் வேராவல் துறைமுகத்தில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் திமிங்கலச் சுறாவின் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டேன். மீனினத்திலேயே ஆகப் பெரியது. பஸ்ஸைவிட நீளமாகக்கூட வளரும். ஆனால் தின்பதெல்லாம் மிதவை உயிரிகளும் மீன் முட்டைகளும் சிறு மீன்களும்தான். மனிதனை ஒன்றும் செய்யாது.

அந்தச் சாதுவான மீனை 1990களில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். பெரிய தூண்டில் முள்ளைப் பாய்ச்சி, கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டிவிடுவார்கள். முங்க முடியாமல் அது ஓய்ந்து போகும். ஈரல் எண்ணெய் படகுக்குப் பூச, இறைச்சி வெளிநாட்டுக்கு. மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் இதை வெளியே கொண்டுவந்தது. 2001 மே மாதம், புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு இந்த மீனுக்கும் கிடைத்தது.

நடுக்கடலில் சட்டத்தை யார் காவல் காப்பது? 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, மாநில வனத்துறை, டாட்டா கெமிக்கல்ஸ் மூவரும் ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கினார்கள். ராமாயணக் கதை சொல்லும் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார்: இது தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள், மகளைக் கொல்வீர்களா? அதன்பின் வலையில் தானாகச் சிக்கிய சுறாக்களையும் அவர்களே விடுவிக்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பழக்கமான தண்டேல் (படகுத் தலைவர்) ஒருவர், வலை அறுத்த கதையைச் சொன்னார். விடியற்காலையில் செவுள் வலையை இழுத்தால் வரவில்லை. மார்புத் துடுப்பைச் சுற்றி வலை முறுக்கியிருந்தது. இரண்டு பேர் கத்தியோடு குதித்தார்கள். வால் ஒரு முறை அடித்தால் படகே ஆடும். தலைப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே போய் வலையை வால் வழியாக உருவிவிட்டார்கள். சுறாவின் தோல் உரசி உரிந்த முன்கைத் தழும்பைக் காட்டினார். இழப்பீட்டுக்குச் சான்றாகப் படமும் எடுத்தாராம். தொடக்கத்தில் இழப்பீடு 25,000 ரூபாய் வரைதான். அறுத்த வலைக்கும் அன்றைய மீன்பாட்டுக்கும் அது எப்படி ஈடாகும்? இருந்தும் அறுத்தார். இந்த மீன் இன்னும் அங்கே வருகிறதென்றால் அதற்கு முதல் காரணம் இவர்கள்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒவ்வொன்றையும் ஏன் இவ்வளவு பாடுபட்டுக் காக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் ஏறக்குறைய 300 குட்டிகள் இருந்தன. ஆனால் ஒரு குட்டி பருவமடையவே பல பத்தாண்டுகள் ஆகிவிடும். ஒரு தாயைக் கொன்றால் அந்த இழப்பு நம் ஆயுளுக்குள் ஈடாகாது. 2016 முதல் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம்.

விடுமுறைக்கு ஊருக்கு, குமரிக் கரைக்கு வரும்போதெல்லாம் ஏலக்கூடத்தில், சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக் குட்டிகளைப் பார்க்கிறேன். முழங்கை நீளம்கூட இல்லை. திமிங்கலச் சுறாவைவிட மோசமான நிலையில் இருக்கும் கொம்பன் இனங்கள் உண்டு. அவற்றுக்காகப் பேச இங்கே ஒரு மொராரி பாபு இல்லை. வலை போடும் எங்கள் ஊர் அண்ணன்மாரிடம் வேராவல் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர், இழப்பீடு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை வைத்துக்கொண்டுதான் அவர்களிடம் போகவேண்டும்.