சிவிக்: முதலாளி விட்டுக்கொடுத்த கார்

இந்த வாரம் முழுக்க ஹோண்டா சிவிக் பைத்தியம்தான் எனக்கு.

ஹோண்டா நிறுவனர் சோய்சிரோ ஹோண்டா காற்றால் குளிரும் என்ஜின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அப்படி வந்த எச்1300 கார் விற்பனையில் சொதப்பியது. இளம் பொறியாளர்கள் மல்லுக்கட்டி அவரைத் தண்ணீரால் குளிரும் என்ஜினுக்குச் சம்மதிக்க வைத்தார்கள். 1972 ஜூலையில் வந்த முதல் சிவிக் அந்தச் சம்மதத்தின் பலன். வெறும் 1169 சிசி.

அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி. கூடவே சிவிசிசி என்ஜின். சின்ன அறை ஒன்றில் பெட்ரோல் அதிகமுள்ள கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுடரால் பெரிய அறையின் நீர்த்த கலவையை எரிப்பார்கள். புகை குறையும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே அமெரிக்காவின் கெடுபிடியான மாசு விதிகளில் தேறியது!

1979, 1983 தலைமுறைகள்... சரி, அவற்றை விடுங்கள். நான்காவதில் 1989-இல் விடெக் வந்தது; என்ஜின் வேகத்துக்கேற்ப வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் நுட்பம். 1.6 லிட்டரில், டர்போ இல்லாமல், 160 குதிரைத்திறன். 1997-இல் பந்தய பாணியில் முதல் சிவிக் டைப் ஆர்.

நம் ஊருக்கு 2006-இல் வந்தது எட்டாம் தலைமுறை. இரண்டு அடுக்கு டேஷ்போர்டு, மேலே டிஜிட்டல் வேகமானி. அப்புறம் 2019-இல் பத்தாவது. அடுத்த வருடமே இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த எட்டாவதுதான் அழகு. பழையது எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.