வெடிக்காத குண்டுகள்

வீட்டிலேயே பீர் காய்ச்சப் போகிறேன் என்றதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வெடிக்குமா?"

"அதெல்லாம் வெடிக்காது" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். படித்த திமிரில் விளக்கப் போனேன். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும், நுரை வருவது அதனால்தான், சர்க்கரை கூடிப்போனால் கண்ணாடி சிதறும். இவ்வளவிலும் அவள் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொற்கள்.

ஆரம்பம் என்னவோ சாதுவாகத்தான் இருந்தது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவுக்காக ஹாப்ஸ் கொடி நட்டேன். கடிகார முள் போகும் திசையில்தான் கயிற்றைச் சுற்றி ஏறும். நான் அவசரப்பட்டு மாற்றிச் சுற்றிவிட்டேன்; மறுநாள் பார்த்தால் அவிழ்ந்து தொங்குகிறது. பிடிவாதத்தில் என்னை மிஞ்சிய கொடி. முதல் வருடம் என்பதால் பூ குறைவு, 100 கிராம் தேறியது. காயவைத்தால் எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தனை மாதம் தண்ணீர் ஊற்றியதற்கு 20 கிராம்! மீதியைக் கடையில் வாங்கினேன். இதை விருந்தாளிகளிடம் சொல்வதில்லை.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ஐந்து கிலோ வாங்கும்போது, "உடைத்துத் தரவா?" என்று கேட்டார்கள். வீட்டில் மிக்சி இருக்க எதற்கு? எதற்கென்றால், மால்ட்டை உடைக்கத்தான் வேண்டும், அரைக்கக்கூடாது. உமி முழுசாக இருந்தால்தான் அதுவே வடிகட்டியாக நிற்கும். நான் உமியையும் சேர்த்து மாவாக்கியிருந்தேன். 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கப் போனால், பாத்திரத்தில் இருப்பது கூழ். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய நாலு மணி நேரம். அப்புறம் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்தேன். பொங்கியது. அடுப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆறியதும் ஈஸ்ட் போட்டு மூடினேன். இரண்டு வாரம் மூலையில், வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மூடி 'பொளக் பொளக்' என்று பேசிக்கொண்டிருந்தது. அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.048 என்று தொடங்கியது, சர்க்கரை குறையக் குறைய 1.010க்கு இறங்கி, மூன்று நாள் அசையாமல் நின்றது. கணக்குப்படி ஐந்து சதவீத ஆல்கஹால். நொதித்தல் முடிந்தது, இனி பாட்டில்தான்.

20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை. இரண்டு முறை நிறுத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறட்டும் என்று அடுப்பிலேயே வைத்தேன். அரை லிட்டர் பாட்டில்கள் 38, எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுத்து, நிரப்பி, மூடி அழுத்துவதற்குள் இடுப்பு போய்விட்டது. பெட்டிகளை அலமாரிக்குள் வைத்து மேலே கம்பளிப் போர்வை மூடினாள் மனைவி. அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கம் யாரும் அதிர்ந்து நடக்கவில்லை. கதவை அறைந்து சாத்திய மகனுக்குத் திட்டு விழுந்தது.

திறப்பு விழா குளியலறையில். மகனின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, மூடியைத் திறந்தேன்.

ஒன்றும் இல்லை. ஒரு 'புஸ்' கூட இல்லை. இன்னும் இரண்டு திறந்தேன். ஆறிப்போன கஷாயம்.

பத்து நிமிடம் ஈஸ்ட்டைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. "அன்னிக்கு அடுப்பில் சர்க்கரைத் தண்ணி வச்சிருந்தேனே?"

"ஆமா, எலுமிச்சை ஜூஸ்ல ஊத்தினேன். நீங்கதானே பாட்டில் கழுவிக்கிட்டே ரெண்டு டம்ளர் குடிச்சீங்க? நல்லா இருக்குன்னு வேற சொன்னீங்க."

சரி, ஈஸ்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கும். மீதி 35 பாட்டிலையும் திறந்து, ஒவ்வொன்றிலும் 3 கிராம் சர்க்கரை போட்டு, புது மூடி போட உட்கார்ந்தேன். பாதியில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால், எதில் போட்டேன், எதில் போடவில்லை என்று தெரியவில்லை. குத்துமதிப்பாகப் போட்டு மூடினேன்.

வாசற்படியில் நின்றபடியே மனைவி கேட்டாள், "இப்போ வெடிக்குமா?"

நான் இன்னொரு போர்வை எடுத்துவரப் போனேன்.