சிலிங் மாஸ்ரர்

எங்களுக்கு இலக்கியம் படிப்பித்த மாஸ்ரரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், வட்ஸப்பில் வந்து சேர்ந்தது. பிறப்பு, பட்டம், சேவைக்காலம், பிள்ளைகள் வசிக்கும் நாடுகள், தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸைத்தான் காணவில்லை. எங்கள் சங்க மலர்க்குழு கட்டுரை கேட்டபோது அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். மாஸ்ரரின் பெயரை எழுதப் போவதில்லை. மேல்மாடிக் கடைசி வகுப்பில் இடைவேளைக்கு முந்திய பாடத்துக்கு இருந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது.

எங்களுக்கு விதித்த பாடநூல் வேறு. அதை அரைகுறையாகத் தள்ளிவிட்டு அவர் போய் நிற்கிற இடம் சார்ள்ஸ் டிக்கன்ஸ். இலக்கியப் பாடம் என்று கொப்பியை விரித்தால் கரும்பலகையில் முதலில் விழுவது பழைய இங்கிலாந்துக் காசு வாய்பாடு: 12 பென்ஸ் ஒரு சிலிங், 20 சிலிங் ஒரு பவுண். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். "இந்த மனுசன் அழுகிற இடமெல்லாம் பக்கத்தில ஒரு பில் கிடக்கும். முதல்ல அதைத் தேடிப் பிடியும்" என்பார். அவருடைய விமர்சனக் கொள்கை அவ்வளவே. பிற்காலத்தில் டிக்கன்ஸைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். இதைவிட உதவியான ஒரு வரி அவற்றில் கிடைக்கவில்லை.

முதல் பில் 1824ஆம் ஆண்டுக்குரியது. தகப்பன் ஜோன் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பளக் கந்தோரில் கிளாக்கர். அரசாங்க உத்தியோகம், எங்களூரில் என்றால் சீதனச் சந்தையில் நல்ல விலை போயிருப்பார். பிள்ளைகள் பெருகி, செலவு வரவைத் தாண்டி, ஜேம்ஸ் கெர் என்ற பேக்கரிக்காரருக்கு 40 பவுண் 10 சிலிங் கடன். பெப்ரவரி 20ஆம் திகதி மார்ஷல்சீ கடன்காரர் சிறையில் அடைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்னரே, 12 வயது நிறைந்த கையோடு, மூத்த மகன் சார்ள்ஸை ஹங்கர்போர்ட் படித்துறையில் இருந்த வாரன் சப்பாத்து மைத் தொழிற்சாலைக்கு அனுப்பியாயிற்று. அந்த இடத்தில்தான் இப்போது சேரிங் குரொஸ் ஸ்டேசன் நிற்கிறது.

வேலை என்ன என்பதை மாஸ்ரர் மேசையில் இருந்த மைப்போத்தலை வைத்துச் செய்தே காட்டினார். மைப் பசை நிரப்பிய சாடியின் வாயில் முதலில் எண்ணெய்த் தாள், அதற்கு மேல் நீலத் தாள். சுற்றி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு விளிம்பை வட்டமாக, ஒட்ட நறுக்க வேண்டும். மருந்துக்கடைக் களிம்புச் சாடி போல மூடி எடுப்பாக நிற்க வேண்டும். இப்படிச் சில குறோஸ் சாடி சேர்ந்த பிறகுதான் லேபல் ஒட்டும் வேலை. ஒரு குறோஸ் என்றால் 144. நூலைச் சுண்டி முடிச்சுப் போடும் சூட்சுமத்தைக் காட்டிக் கொடுத்தவன் பொப் ஃபேகின் என்ற பையன். அன்பாக இருந்த அந்தப் பையனின் பெயரைத்தான் ஒலிவர் ட்விஸ்டில் பிள்ளைபிடிகாரக் கிழவனுக்கு வைத்தார் டிக்கன்ஸ். "நன்றிக்கடனை எப்பிடித் தீர்த்திருக்கிறார் பார்" என்று மாஸ்ரர் சிரிப்பார்.

கூலி கிழமைக்கு ஆறோ ஏழோ சிலிங் என்று டிக்கன்ஸே தடுமாறி எழுதியிருக்கிறார். மாஸ்ரர் ஆறை எடுப்பார், வகுக்க இலகு. 40 பவுண் 10 சிலிங் என்பது 810 சிலிங். ஆறால் வகுத்தால் 135 கிழமை. பிள்ளை சாப்பிடாமல், அறை வாடகை கொடாமல், இரண்டரை வருசத்துக்கு மேல் சாடி கட்டினால் பாண் கடன் தீரும். தகப்பன் மே 28ஆம் திகதி வக்கற்ற கடன்காரர்களுக்கான சட்டத்தின் கீழ் வெளியே வந்துவிட்டார். மகனின் வேலை அதோடு முடியவில்லை. கடைசியில் தகப்பன் நிற்பாட்டிய பிறகும், திருப்பி அனுப்ப வேண்டும் என்று நின்றவர் தாய். அதைத் தான் ஒருநாளும் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது என்று டிக்கன்ஸ் எழுதிவைத்தார். எழுதியது நண்பர் ஜோன் ஃபோர்ஸ்டரிடம் இருந்தது. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு டிக்கன்ஸ் இறந்த பின் வெளிவந்தபோதுதான் ஊருலகத்துக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளைகளுக்கும் அப்போதுதான்.

லண்டனுக்கு வந்த புதிதில் எந்தப் பெற்றோல் ஷெட்டில் இரவு நின்றோம், எந்த ஹோட்டலில் கோப்பை கழுவினோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். பரோ ஸ்டேசனில் இறங்கிச் சென் ஜோர்ஜ் தேவாலயத்தைத் தாண்டினால் மார்ஷல்சீயின் மதில் ஒன்று இன்னும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். சாடி கட்டிய கட்டடம் இல்லை.

ஒலிவர் ட்விஸ்டை மாஸ்ரர் வேகமாகக் கடந்துவிடுவார், அதை எல்லாரும் சினிமாவில் பார்த்துவிட்டார்கள் என்ற அலட்சியம். ஆனால் ஓரிடத்தில் நிறுத்துவார். 1834இல் புதிய ஏழைகள் சட்டம் பாராளுமன்றத்தில் ஓடியபோது டிக்கன்ஸ் மேல்மாடத்தில் சுருக்கெழுத்து நிருபராக இருந்தவர். உதவி கேட்டு வருகிறவன் திரும்ப வராதபடி ஏழைவிடுதியைக் கசப்பாக்க வேண்டும் என்பதே சட்டத்தின் உள்நோக்கம். நாவலில் சபையார் விதிக்கும் சாப்பாடு: நாளுக்கு மூன்று வேளை தண்ணிக் கஞ்சி, கிழமைக்கு இரண்டு தரம் ஒரு வெங்காயம், ஞாயிற்றுக்கிழமை அரைப் பணிஸ். சனத்தொகை பெருகினால் பட்டினி தவிர்க்க முடியாதது என்று சொன்ன மல்தூஸ்தான் இதற்கெல்லாம் பின்னணி. அந்த மல்தூஸ் சாகும்வரை படிப்பித்த இடம் ஹெய்லிபரி. இந்தியாவுக்கு அனுப்பக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தர்களைத் தயார் செய்த கல்லூரி. பட்டினி பற்றிய பாடம் எங்கே கப்பலேறியது என்பதை எங்களையே யோசிக்க விடுவார்.

1843 கிறிஸ்மஸுக்கு வந்த கிறிஸ்மஸ் கரோல் கதையிலும் மாஸ்ரர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதில் வரும் ஏழைக் கிளாக்கர் பொப் கிராட்சிட்டின் சம்பளம் கிழமைக்கு 15 சிலிங். புத்தகத்தின் விலை 5 சிலிங். பொப்பைப் பற்றிய கதையைப் பொப் வாங்க வேண்டுமென்றால் கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று போய்விடும்.

மாஸ்ரரின் உயிர் இருந்தது ஹார்ட் டைம்ஸ் நாவலில். 1854 ஜனவரிக் கடைசியில் டிக்கன்ஸ் பிரெஸ்டன் நகரத்துக்குப் போனார். முன்னர் வெட்டிய 10 சதவீதக் கூலியைத் திருப்பிக் கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர் நின்ற இடம். முதலாளிமார் ஆலைகளைப் பூட்டிவிட்டார்கள். ஏப்ரல் 1 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை, அவரே ஆசிரியராக இருந்த ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் கிழமை இதழில் 20 பகுதிகளாக நாவல் வந்தது. இதழ் 2 பென்ஸ். முழு நாவலும் 3 சிலிங் 4 பென்ஸ், பொப்புக்கும் கட்டுப்படியாகும்.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. மாதப் பகுதி என்றால் 32 பக்கம், கால் நீட்டி எழுதலாம். கிழமைப் பகுதியில் இடம் போதாமல் நெரிபட்டதாக டிக்கன்ஸ் புலம்பியிருக்கிறார். நெரிபட்டதன் தழும்பு கதையில் தெரியும். ஸ்டீபன் பிளாக்பூல் என்ற நெசவாளி, தான் நேசிக்கும் ரேச்சலுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிச் சங்கத்தில் சேர மறுக்கிறான். என்ன வாக்கு, ஏன் கொடுத்தான்? அச்சான நாவலில் சரியான விடை இல்லை. இயந்திரம் ரேச்சலின் தங்கையின் கையைப் பிய்த்த சம்பவமும், அதில் கொதித்த ஸ்டீபனிடம் ரேச்சல் வாக்கு வாங்குவதும் எழுதப்பட்டுத்தான் இருந்தன. அச்சுக்கு முன் டிக்கன்ஸ் வெட்டிவிட்டார். மாஸ்ரருக்கு அதைவிடப் பெரிய கோபம் ஸ்லாக்பிரிட்ஜில். பிரெஸ்டன் தொழிலாளரின் ஒழுங்கையும் பொறுமையையும் தன் இதழிலே மெச்சி எழுதியவர், நாவலில் சங்கப் பேச்சாளனை வெறும் வாய்வீச்சுக்காரனாக்கிவிட்டார். "நிருபர் கண்டதை நாவலாசிரியர் காணேல்லை" என்பார்.

விவாகரத்துக் காட்சிதான் சிலிங் கணக்கின் உச்சம். குடியில் அழிந்த மனைவியிடமிருந்து சட்டப்படி விடுபட வழி கேட்டு ஸ்டீபன் முதலாளி பவுண்டர்பியிடம் போகிறான். திருச்சபை நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, பொதுச்சட்ட மன்றத்தில் ஒன்று, பிரபுக்கள் சபையில் ஒன்று, மறுமணத்துக்குப் பாராளுமன்றச் சட்டம். சிக்கலில்லாமல் முடிந்தால் 1000 தொடக்கம் 1500 பவுண் என்கிறார் முதலாளி. பொப்பின் சம்பளத்தில் 1000 பவுணுக்கு எத்தனை கிழமை என்று மாஸ்ரர் கேட்டார். 1333. இருபத்தைந்து வருசத்துக்கு மேல். சட்டம் 1857இல் மாறியது. அடுத்த வருசம் டிக்கன்ஸ், பத்துப் பிள்ளை பெற்ற மனைவி கத்தரினை வருசத்துக்கு 600 பவுண் கொடுத்துப் பிரித்து வைத்தார், விளக்கத்தைத் தன் இதழிலேயே அச்சடித்தார். இந்தப் பில்லையும் மாஸ்ரர் மறைக்கவில்லை.

கல்விக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்த அன்று நாங்கள் அந்த நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றோம். குதிரைகளோடு வளர்ந்த சிசி ஜூப்புக்குக் குதிரைக்கு வரைவிலக்கணம் சொல்ல வராது. கூடப் படிக்கும் பிட்சர் சொல்லுவான்: நாற்கால், புல்லுண்ணி, நாற்பது பல், 24 கடைவாய்ப்பல், 4 கோரைப்பல், 12 வெட்டும்பல். அங்கேயும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர் நின்று, சுவரில் குதிரைப்படம் ஒட்டலாமா என்று பிள்ளைகளை மடக்குகிறார். எங்களிடம் வந்தவர் கரும்பலகையைப் பார்த்தார், பவுணும் சிலிங்கும். கடைசி வாங்கில் இருந்தவனை எழுப்பினார்.

"டிக்கன்ஸ் எத்தனையாம் ஆண்டு பிறந்தவர்?"

"தெரியாது சேர். தகப்பன்ர கடன் நாற்பது பவுண் பத்துச் சிலிங்."

வகுப்பு சிரித்தது. வந்தவர் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குவதாக எங்களுக்கு முன்னாலேயே இங்கிலிசில் சொன்னார், நோட்ஸ் கேட்டார், இல்லையென்றதும் எதையோ எழுதிக்கொண்டார். மாஸ்ரர் சோக்கட்டியை மேசை விளிம்பில் மெதுவாக வைத்துவிட்டு "யெஸ் சேர்" என்றார். அந்தச் சொல்லை நாங்கள் அவருக்குச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.

அடுத்த கிழமை நோட்ஸ் தொடங்கியது. பிறப்பு 1812 பெப்ரவரி 7, போர்ட்ஸ்மத். இறப்பு 1870 ஜூன் 9. நாவல்கள் 15, கடைசி முற்றுப்பெறாதது. சாடிய சமூகக் கேடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது பிடித்திருந்தது. வீட்டிலும் பிடித்திருந்தது. பெறுபேறு நன்றாக வந்தது. அந்தப் பெறுபேற்றுத் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டுதான் எங்களில் பலர் கட்டுநாயக்கா விமான நிலையம் போனோம். நோட்ஸ் இல்லாமல் போயிருக்க முடியுமா என்று இந்த வயதில் கேட்டால் விடை சொல்லத் தெரியவில்லை.

ஹார்ட் டைம்ஸின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு நாங்கள் போகவே இல்லை. இங்கே வந்த பிறகு நானாகப் படித்தேன். நீண்ட கடற்பயணம் போன ஒரு லட்சம் பேரில் 500 பேர் மட்டும் மூழ்கியோ எரிந்தோ இறந்தால் சதவீதம் எவ்வளவு என்று ஆசிரியர் கேட்கிறார். செத்தவர்களின் உறவினருக்கும் சிநேகிதருக்கும் அது ஒன்றுமில்லை என்கிறாள் சிசி. பிழையான விடை. சரியான விடை 0.5. எங்கள் செட்டில் கடலால் போய்ச் சேராதவனின் வீட்டுக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது?

தவணையின் கடைசி நாள், நோட்ஸ் முடிந்த பிறகு, மாஸ்ரர் ஒரேயொரு தடவை பழைய ஆளானார். 1857 ஒக்ரோபரில் டிக்கன்ஸ் சீமாட்டி ஏஞ்சலா பேர்டெட் கூட்ஸுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னார். சிப்பாய்க் கலகச் செய்தி வந்த நேரம். தான் இந்தியாவில் சேனாதிபதியாக இருந்தால் அந்த இனத்தையே துடைத்தெறிய முழு முயற்சியும் செய்வேன் என்கிறார், பிளீக் ஹவுஸ் நாவலில் தெருக்கூட்டும் சிறுவன் ஜோவுக்காக இங்கிலாந்தையே அழவைத்தவர். அவருடைய மகன் வோல்ட்டர் அந்த வருசந்தான் கம்பெனிப் படையில் சேர இந்தியா போனவன்; 1863இன் கடைசி நாளில் கல்கத்தாவில், 22 வயதில் செத்தான். "அவரின்ர அனுதாபம் கப்பல் ஏறாது. ஆக்கள்தான் ஏறுவினம்" என்றார் மாஸ்ரர்.

ஆட்கள் ஏறுவது உண்மைதான். இங்கிலாந்தில் தீராத பிரச்சினையோடு ஒரு பாத்திரம் நின்றால் டிக்கன்ஸ் அவுஸ்திரேலியாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார். டேவிட் கொப்பர்ஃபீல்டில் கடனில் மூழ்கிய மிக்கோபர் அங்கே போய் நீதவான் ஆகிறார். அவரைப் பாராட்டி நடந்த விருந்தின் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வருகிறது: ஒரே நேரத்தில் 47 பேர் சாப்பிட்டார்களாம், நடைபாதையிலும் படிக்கட்டிலும் நின்றவர்கள் வேறு. எங்கள் சங்க ஆண்டறிக்கை படித்தவர்களுக்கு அந்த நடை பழக்கமானது. தலைமை தாங்கியவர் டொக்டர் மெல். ஏழாம் அத்தியாயத்தில், தாய் தர்ம விடுதியில் இருக்கிறாள் என்ற குற்றத்துக்காக வகுப்புக்கு முன்னால் அவமானப்பட்டு வெளியேறிய அதே ஏழை ஆசிரியர். அவரையும் டிக்கன்ஸ் கப்பலேற்றிப் பெரிய பள்ளிக்கு அதிபராக்கி, மனம் ஆறிவிட்டார்.

எங்கள் ஆண்டு விருந்துக்கும் மாஸ்ரரைப் பிரதம விருந்தினராக ஒருமுறை அழைத்தோம். விசா கிடைக்கவில்லை. வங்கிக் கணக்கில் காசு காணாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த வருசம் அவருடைய இடத்தில் பேசியவர் எங்கள் செட்டுக் கணக்காளர் ஒருவர். வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி நன்றாகவே பேசினார்.