கோட்டு வேண்டாம், கையைக் காட்டுங்கள்

பழைய பிரெஞ்சு குற்றப்படம் மாதிரி குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் நீளக் கோட்டுக்கும் தொப்பிக்கும்தான் அலைகிறார்கள். பங்குனி வெயிலில் தர்மபுரி நாலு ரோட்டில் கோட்டோடு நின்றால் நாய்தான் குரைக்கும். அந்தப் படங்களில் பார்க்க வேண்டியது கைவேலை.

ஜூல்ஸ் டாசினின் 'ரிஃபிஃபி' (1955) படத்தில் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது. வசனமும் இல்லை, பின்னணி இசையும் இல்லை. மேல்மாடித் தரையில் ஓட்டை போட்டு, மடக்கிய குடையை அதன் வழியே இறக்கி விரிக்கிறார்கள். உதிரும் காரை குடைக்குள்ளேயே விழுகிறது. இதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கக் காரணம், லேசான அதிர்வுக்கே அலாரம் அலறும் என்பதை முன்கூட்டியே ஒத்திகையில் காட்டிவிட்டதுதான். அந்த ஒத்திகையை விட்டுவிட்டு மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கொட்டாவிதான் மிச்சம்.

மெல்வில்லின் 'லெ சாமுராய்' (1967) படத்தில் ஆலன் டெலான் கார் திருடுவதையும் பாருங்கள். வளையம் நிறையச் சாவி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார், பார்வை மட்டும் நேரே முன்னால். அவசரமே இல்லை.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியின் ஷட்டர் பூட்டை உடைக்கும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். இரவுக் காவலர் எத்தனை மணிக்குச் சுற்றி வருவார் என்பதை முதலிலேயே காட்டிவிடுங்கள். கேமரா நொடிக்கு 24 பிரேம், அதன் ஷட்டர் வேகம் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டைபட்டையாகக் கோடு ஓடும். 6500 கெல்வின் டியூப்லைட்டுக்கு கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 4000-இல் நிறுத்தினால் மெல்வில் படத்தின் சாம்பல் நீலத்துக்குப் பக்கத்தில் வரும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் நடிகர் ஒவ்வொரு கடையைத் தாண்டும்போதும் படத்தின் வெளிச்சம் கூடிக் குறையும். லூயி மாலின் 'எலிவேட்டர் டு தி கேலோஸ்' (1958) படத்தில் ஜான் மோரோ பாரிஸ் தெருவில் கடைக் கண்ணாடி வெளிச்சத்திலேயே நடக்கிறார். நமக்கும் பேருந்து நிலையக் கடைகளின் வெளிச்சம் போதும்.

சிரமம் ஒலியில்தான். நெடுஞ்சாலை லாரி ஹாரன் ஒரு ஷாட்டில் கேட்டு அடுத்ததில் அறுந்தால், வெட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். பூட்டு, சாவி, அரம் எல்லாவற்றையும் மெத்தை போட்டு அடைத்த அறையில், மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். மண்டியின் வெறும் இரவுச் சத்தத்தையும் இரண்டு நிமிடம் எடுத்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள்.