சுண்டுவிரலுக்கு இடம் வேண்டும்

என் பாதம் முன்பக்கம் விசிறி மாதிரி அகலம், குதிகால் ஒல்லி. பெண்களுக்கான சைக்கிள் ஷூ எதைப் போட்டாலும் ஈசிஆரில் (சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை) 30 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சுண்டுவிரல் மரத்துவிடும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதில் குதிகால் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் ராத்திரி வெள்ளைத்தாள் மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். (நின்றுதான் வரையணும், உட்கார்ந்தால் பாதம் முழுசாக விரியாது.) அகலம் 10.2 செ.மீ. பழைய ஷூவின் இன்சோலை (உள்ளே போடும் அட்டையை) உருவி அதன்மேல் வைத்தால், இரண்டு பக்கமும் கோடு வெளியே பிதுங்கி நிற்கிறது! இத்தனை வருஷம் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஷிமானோ கம்பெனி சில சைக்கிள் ஷூ மாடல்களை ‘வைட்’ என்று தனி அகலத்தில் செய்கிறது. அதில் 40 சைஸ் வாங்கினேன். ஷூவின் அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளீட்டையும் 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினேன். சனிக்கிழமை மகாபலிபுரம் வரை போனேன். கடற்கரைக் கோயில் பக்கம் இறங்கியபோது ஷூவுக்குள் ஐந்து விரலும் ஆடின.