முன்வரிசைக்கு 9 ஓட்டு: சிவப்பு-பச்சை அட்டைப் பாங்

இரு மட்டைகள் ஒரு பந்தைத் தட்டும் பழைய வீடியோ விளையாட்டுதான் பாங்; அதை அரங்கமே அட்டை காட்டி ஆடும் என் அட்டைப் பாங் ஒருவழியாக நியாயமாக எண்ணுகிறது. 1991-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டில் அத்துறை வல்லுநர் லோரன் கார்பென்டர் செய்து காட்டியதன் சிறு பிரதி இது. ஆளுக்கொரு அட்டை, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை; முன்னால் நிற்கும் கேமரா நிறங்களை எண்ணும். அரங்கின் இடப்பாதி இடது மட்டையை ஓட்டும், வலப்பாதி வலது மட்டையை. தலைவர் கிடையாது, சராசரிதான் ஆட்சி.

நிரல் பெரிய விஷயமே இல்லை. உயிரை வாங்குவது எண்ணிக்கைதான். படத்தில் அந்தந்த நிறப் பிக்சல்களைக் கூட்டினால், கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருப்பவரின் அட்டை 6 மீட்டரில் இருப்பவருடையதைவிட 9 மடங்கு இடம் பிடிக்கும். பேருக்கு ஜனநாயகம், உள்ளே பண்ணையார் ஆட்சி. நிறத் திட்டுகளை எண்ணினாலோ, அடுத்தடுத்த அட்டைகள் ஒட்டி இரண்டு ஓட்டு ஒன்றாகிவிடும்.

இருக்கைப் பதிவுதான் வழி. எல்லோரும் அட்டைகள் தொட்டுக்கொள்ளாமல் முதலில் பச்சை, பிறகு சிவப்பு காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறம் மாறிய திட்டு மட்டுமே வாக்காளர். அதன் மையத்தில் அட்டை அகலத்தைப் போல 1.5 மடங்கு விட்டத்தில் ஒரு வட்டம். உள்ளே எந்த நிறம் மிகுதியோ அதற்கேற்ப +1 அல்லது −1, ஒன்றுமில்லையென்றால் 0. வெளியேறும் வழியின் பச்சை விளக்கு அதுவரை விடாமல் கள்ள ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது; இதில் கழிந்துவிட்டது.

அட்டையில் ஒளிதிருப்பும் ஒட்டுத்தாள், லென்ஸை ஒட்டி எல்இடி வளையம். ஒளி வந்த வழியே திரும்புவதால் விளக்கு ஒரு சாண் தள்ளினாலும் தாள் மங்கும். வெளிச்சம் மிஞ்சினால் இரு நிறமும் வெளுத்துவிடும், சாயல் மதிப்பு (நிறத்தைக் குறிக்கும் எண்) குப்பை. தானியங்கி எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் அணைத்து, 1/125 நொடியில் பூட்டி, சிவப்பு, பச்சை, நீலச் சேனல் எதுவும் உச்ச மதிப்பான 255-ஐத் தொடாதபடி கெயினை (கேமராவின் ஒளிப் பெருக்கத்தை) இறக்குங்கள். படங்களை அலசும் ஓபன்சிவி நிரல் நூலகத்தில் சிவப்பு சாயல் அளவுகோலின் இரு முனையிலும் கிடக்கும்: 0–10, 170–179. ஒன்றை விட்டால் சிவப்புக் கட்சி காரணம் தெரியாமல் தோற்கும். வளையத்தை பிடபிள்யூஎம் டிம்மரில் (விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி மங்கவைப்பது) மங்கவைத்தால் படத்தில் பட்டை ஓடும்.

தாள் வாங்குவோருக்கு: கண்ணாடிமணி வகையே போதும். பிரிஸ வகை அதிகம் பளிச்சிட்டு வெளுப்புத் தொல்லையைக் கூட்டும்.

சராசரி காண ஓட்டுகளின் கூட்டுத்தொகையை எதால் வகுப்பது என்பது இன்னும் இழுபறி. பதிவானோர் எண்ணிக்கையால் வகுத்தால், அட்டை காட்டாதவர்கள் மட்டையை நடுவுக்கு இழுக்கிறார்கள். காட்டியவர்களால் மட்டும் வகுத்தால், மற்றவர்களுக்குக் கை சலித்ததும் நாலு பேர் ஆட்டிவைப்பார்கள். இப்போதைக்கு முதல் வகை.

இது முடிவதற்குள் அடுத்தது அரிக்கிறது: நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1970-இல் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே வைத்த வாக்கெடுப்பு. இரண்டு ஒளிபுகும் பெட்டிகள், சீட்டு விழும் வாயில் ஒளிமின் எண்ணி. அதற்கான அகச்சிவப்பு விளக்கு-உணரி இணை மேசையில் தயார். மடித்த சீட்டு இரண்டாகப் பதியாதிருக்க ஒரு சீட்டை எண்ணியதும் 200 மில்லிநொடி எதையும் எண்ணாத தடையிலிருந்து தொடங்கலாம்.