வெஸ்டர்ன் பிளாட்ல பேண்ட் மங்கிடுச்சுன்னா புரோட்டீன் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

ஆடு மாடு பன்றி குதிரைகளோட இனப்பெருக்க உறுப்புகள்ல வயசாக ஆக எந்த புரோட்டீன் கூடுது எது குறையுதுன்னு பாக்குற வேலையில நிறைய பேர் அவசரப்படுற இடம் ஒன்னு இருக்கு. கன்னுக்குட்டி விரையையும் வளர்ந்த காளையோட விரையையும் தனித்தனியா அரைச்சு, ரெண்டுலயும் ஒரே அளவு புரோட்டீன் ஏத்தி வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட ஒரு புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு பட்டையா காட்டுற சோதனை) ஓட்டுவாங்க, காளையோட வரிசையில அந்த பட்டை, அதாவது பேண்ட், மங்கலா வந்தா உடனே "வயசோட குறையுது"ன்னு எழுதிடுவாங்க.

அரைச்சதுக்குள்ள என்னென்ன செல் இருந்துச்சுன்னு யோசிக்கணும்ல? கன்னுக்குட்டி விரையை மெல்லிசா வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாத்தா விந்துக்குழாய்க்கு நடுவுல துவாரமே இருக்காது, விந்தணு செல்லுங்களை தாங்கி வளர்க்குற செர்டோலி செல் ஓரமா நெருக்கி நிக்கிறதும், நடுவுல அங்கொன்னும் இங்கொன்னுமா பெரிய உருண்டை நியூக்ளியஸோட கோனோசைட்டும் (விந்தணு வரிசைக்கு மூலமான ஆரம்பகட்ட செல்) தான் தெரியும். காளையில அதே குழாய் அகலமாகி, துவாரம் விழுந்து, விந்தணுவா மாறப்போற செல்லுங்க அடுக்கடுக்கா நிறைஞ்சு கிடக்கும். செர்டோலி செல் பெருகுறது பருவத்துக்கு வர்றதோட நின்னுடுது, மத்தது பெருகிக்கிட்டே இருக்கு. அதனால நாம பாக்குற புரோட்டீன் செர்டோலி செல்லுல இருந்து வர்றதா இருந்தா, ஒவ்வொரு செல்லும் அதை முன்ன மாதிரியே செஞ்சாலும் மொத்தத்துல அதோட பங்கு நீர்த்துப்போய் பேண்ட் மங்கத்தான் செய்யும். பீட்டா ஆக்டினை (ஒப்பிட்டுப் பாக்க அளவுகோலா வைக்கிற புரோட்டீன்) வச்சு சரிபண்ணிட்டோம்னு சொல்றதும் இதுக்கு பதில் ஆகாது, செல் கலவை மாறினா ஆக்டினும் தான் மாறும்.

நிஜமாவே குறையுறதும் இருக்கு. ஏஎம்ஹெச்சை (ஆன்டி-முல்லேரியன் ஹார்மோன்) எடுத்துக்கோங்க, பருவத்துக்கு முன்னாடி செர்டோலி செல் இதை தாராளமா சுரக்கும், அப்புறம் அதே செல்லுக்குள்ள ஆண் ஹார்மோனை பிடிச்சுக்குற ஆண்ட்ரோஜன் ரிசெப்டார் கூடும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் ஏறும், ரெண்டும் சேர்ந்து ஏஎம்ஹெச்சை அடக்கிடும். ஆனா முழுசா நின்னுடாது. ஆண் குதிரைக்கு காயடிச்சுட்டாங்களா, இல்ல ஒரு விரை வயித்துக்குள்ளயே தங்கிடுச்சான்னு சந்தேகம் வந்தா வெட்னரி டாக்டருங்க ரத்தத்துல ஏஎம்ஹெச் பாக்குறது இத நம்பித்தான், விரை இல்லாத ஆண் குதிரையில அது இருக்காது. பசுவுல இதே ஏஎம்ஹெச் சினைப்பையில வளர ஆரம்பிச்ச சின்ன ஃபாலிக்கிளோட (முட்டை வளர்ற பை) முட்டையை சுத்தி இருக்கிற கிரானுலோசா செல்லுல இருந்து வருது, ஃபாலிக்கிள் கையிருப்பு குறைஞ்ச மாட்டுல அளவும் குறைவா இருக்கும். அங்கயும் அதே கேள்வி தான், ஒவ்வொரு செல்லும் கம்மியா செய்யுதா, இல்ல செய்யிற செல்லே கம்மியா இருக்கா?

இன்னொன்னு, வயசுன்னு மாசக் கணக்கு மட்டும் போடுறது. கன்னா இருக்கும்போதே நல்லா தீனி கிடைச்ச காளை சீக்கிரமே பருவத்துக்கு வந்துடும், சரியா தின்னாத காளை அதே மாசத்துல இன்னும் கன்னு நிலையிலயே நிக்கும், ரெண்டையும் ஒரே குரூப்ல போட்டா சராசரிக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க? காளைக்கு விரைப்பை சுற்றளவு 28 சென்டிமீட்டர் பக்கம் வந்தா பருவம்னு ஒரு கணக்கு இருக்கு, அதையும் விரை எடையையும் குழாய்ல துவாரம் விழுந்துடுச்சாங்கறதையும் சேர்த்து எழுதினா படிக்கிறவங்களுக்கு எவ்வளவோ புரியும்.

பிளாட் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. கூடவே அதே விரையில இம்யூனோ ஸ்டெயினிங் (அந்த புரோட்டீன் இருக்கிற இடத்துல நிறம் ஏத்திக் காட்டுற முறை) பண்ணி பழுப்பு நிறம் எந்த செல்லுல ஏறியிருக்குன்னு பாருங்க, செர்டோலி செல்லை அடையாளம் காட்டுற சாக்ஸ்9 புரோட்டீனை வச்சு அதோட நியூக்ளியஸை எண்ணி ஒரு செல்லுக்கு எவ்வளவுன்னு கணக்கு போடுங்க. வேலை ரெண்டு மடங்கு தான், ஆனா அப்போ எழுதுற "குறையுது"வை தைரியமா எழுதலாம்.